மேடைக்கு மேலே தொங்கும் விளக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

மேடை ஒளியமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சத்தைச் சுற்றியே இருந்தன. தலைக்கு மேலே கட்டிய விளக்கோ, அதன் உதிரிப் பாகமோ, அதைக் கட்டுபவர் கையிலிருந்த கருவியோ கீழே விழாமல் இருக்க என்ன செய்வது என்பதே அது. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு ஒலி, ஒளி அமைப்பை வாடகைக்கு எடுப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஒத்திகையின்போது, மேலேயிருந்த டப்பா வடிவப் பார் (PAR) விளக்கு ஒன்றிலிருந்து, கலர் பேப்பர் செருகிய தகரச் சட்டம் கழன்று, நடனமாடிக்கொண்டிருந்த மாணவியருக்கு மிக அருகில் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. விளக்குக்காரரிடம் கேட்டதற்கு, "கிளாம்பை நன்றாக முறுக்கியிருக்கிறேன் டீச்சர், விளக்கு விழவே விழாது" என்றார். இந்த ஆண்டு அவரிடம் நாங்கள் எதையெல்லாம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்?
— ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் மேடையில் விழுந்தது சட்டம்; அவர் உத்தரவாதம் கொடுத்ததோ விளக்குக்கு. மேலே தொங்கும் ஒரே விளக்கில் தனித்தனியாகக் கழன்று விழக்கூடியவை பல இருக்கின்றன: குழாயைப் பற்றியிருக்கும் கிளாம்ப், கிளாம்பிலிருந்து விளக்கைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை, அந்தப் பட்டையை விளக்கின் உடலோடு இறுக்கும் திருகுகள், முன்னால் செருகும் கலர் சட்டம், ஒளி பரவாமல் தடுக்கும் தகர மடல்கள், கண்ணாடி, பின்மூடி. கிளாம்ப் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அது குழாயை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது; சட்டத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பார் விளக்கின் வாயில் சட்டத்தைச் செருகுவதற்கான தகரக் காதுகள் இருக்கும். செருகிய சட்டம் திரும்ப வெளியே வராமல் தடுக்க மேற்புறத்தில் ஒரு சிறிய ஸ்பிரிங் கொக்கி இருக்கும். வாடகைக்கு ஊர் ஊராகச் சென்று வந்த விளக்குகளில் முதலில் போவது அந்தக் கொக்கிதான். அது போனாலும் விளக்கு வழக்கம்போல எரியும் என்பதால், அதை யாரும் கவனிப்பதில்லை. விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, சூட்டில் தகரம் விரிந்து சுருங்கி, பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் அதிரும்போது, சட்டம் மெல்ல நழுவி வெளியே வருகிறது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் சுமார் ஒரு நொடியில் தரையைத் தொடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கூர்மையான ஓரமுள்ள தகரம் அந்த வேகத்தில் ஒரு குழந்தையின் தலையில் பட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே, ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் ஒரு துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியால் அதை விளக்கின் உடலோடு இணைக்கச் சொல்லுங்கள். தகர மடல்களுக்கும் இதுவே முறை. செலவு மிகக் குறைவு. அரை நாள் வேலை.

விளக்குக்கு வருவோம். ஒவ்வொரு விளக்கிலும், கிளாம்ப் முழுவதுமாகக் கைவிட்டாலும் விளக்கைத் தாங்கிக்கொள்ளும்படி தனியாக ஓர் எஃகுக் கம்பிக்கயிறு, அதாவது சேஃப்டி கேபிள், இருந்தாக வேண்டும். அது விளக்கின் உடலிலுள்ள காதிலிருந்து புறப்பட்டு, பாரம் தாங்கும் குழாயைச் சுற்றி வர வேண்டும். கிளாம்பையே சுற்றிக் கட்டினால், கிளாம்ப் கழலும்போது கயிறும் அதோடு சேர்ந்து வந்துவிடும். அதேபோல் இரும்புப் பட்டையில் மட்டும் மாட்டினால், பட்டையின் திருகு கழன்று விளக்கு மட்டும் விழுந்துவிடும். பின்னது பார்வைக்குச் சரியாகக் கட்டியதுபோலவே தோன்றுவதால், அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதைவிடவும் நான் அஞ்சுவது கழற்றும் நேரத்தைத்தான். விழா இரவு பத்து மணிக்கு முடிகிறது. பெற்றோர் மேடையேறிப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். தாளாளரை நடுவில் உட்காரவைத்து ஆசிரியர்கள் அனைவரும் ஒரு படம். மறுநாள் காலையில் வேறு ஊரில் கல்யாணம் என்பதால், அதே நேரத்தில் இரண்டு பையன்கள் ஏணி வைத்து மேலே ஏறிக் கிளாம்பைத் தளர்த்தத் தொடங்கியிருப்பார்கள். சேஃப்டி கேபிளை முதலில் கழற்றிவிட்டு, ஒரு கையால் விளக்கைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போல்ட்டைத் திருகும் அந்த ஒரு நிமிடத்தில் விளக்கைப் பிடித்திருப்பது களைத்துப்போன ஒரு கை மட்டுமே. மேடையிலிருந்து கடைசி ஆள் இறங்கிய பிறகே ஏணி வைத்து ஏற வேண்டும் என்பதை வாடகை பேசும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். கட்டும் நாளுக்கும் இது பொருந்தும்: விளக்கு கட்டி முடியும் வரை ஒத்திகை வேறு இடத்தில் நடக்கட்டும்.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாக விழா மேடைகளுக்கு விளக்கு கட்டுகிறேன். சேஃப்டி கேபிள் வாங்கவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியோ, பெரிய நைலான் டையோ, சில சமயம் சைக்கிள் கடைச் சங்கிலியோ போட்டுவிடுகிறேன். பத்து கிலோ விளக்கைக் கட்டுக்கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன், தாங்குகிறது. இது போதாதா?
— மேடை விளக்கு தொழிலாளர், மதுரை

பதில்: போதாது, ஐயா. அசையாமல் தொங்கும் பத்து கிலோவும், விழுந்து தடுக்கப்படும் பத்து கிலோவும் கயிற்றுக்கு ஒன்றல்ல. கணக்கு எளிது. பத்து கிலோ விளக்கு கிளாம்பிலிருந்து விடுபட்டு, அரை மீட்டர் தளர்வாக இருந்த கயிற்றில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறும் குழாயும் இரண்டு சென்டிமீட்டர் வளைந்து கொடுத்து அதை நிறுத்தினால், அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் கயிறு தாங்க வேண்டிய சராசரி இழுவிசை சுமார் 260 கிலோ எடைக்குச் சமம். உச்ச விசை அதைவிடவும் கூடும். அதே கயிற்றில் தளர்வு பத்து சென்டிமீட்டர்தான் என்றால் கணக்கு 60 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. கயிற்றின் பலத்தைப் போலவே தளர்வின் அளவும் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். ஜெர்மனியின் தரக் குறிப்புகள், விளக்கு விழக்கூடிய தூரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே. கேபிள் நீளமாக இருந்தால், குழாயைச் சுற்றி இன்னொரு சுற்று போட்டுத் தளர்வைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் பயன்படுத்தும் பொருள்களைப் பார்ப்போம். கட்டுக்கம்பி, கம்பி கட்டுபவர் கையால் முறுக்குவதற்காகவே பதப்படுத்தி மென்மையாக்கிய இரும்பு. திடீர் இழுப்பு வந்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும், ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். சாதாரண நைலான் டை, தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பம் 85 டிகிரி செல்சியஸ் அளவுதான்; 1000 வாட் ஹாலஜன் எரியும் பார் விளக்கின் மேல்தகரம் அதைத் தாண்டிச் சுடும். வெயிலில் கிடந்த வெள்ளை டை சில மாதங்களில் மொரமொரவென்று உடைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் சூடு குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் பின்புறத்து வெப்பத் தகடுகளின் எடை சேர்ந்திருக்கிறது. தலையசைக்கும் ஷார்பி வகை விளக்குகளில் பல 20 கிலோவை எட்டுபவை, சில அதற்கும் மேல். போதாக்குறைக்கு நிகழ்ச்சி முழுவதும் தாமாகவே திரும்பித் திரும்பித் தங்கள் கிளாம்பைத் தாங்களே ஆட்டிக்கொண்டிருப்பவை. சைக்கிள் கடைச் சங்கிலியின் கண்ணிகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாரும் அதில் பொறித்துக் கொடுப்பதில்லை.

இரு முனையிலும் கண்ணி போட்டு, அலுமினிய அல்லது செப்புக் குழலை இயந்திரத்தால் நசுக்கி முடித்து, எத்தனை கிலோவுக்கு என்ற முத்திரையுடன் விற்கும் கேபிள்களையே வாங்குங்கள். கடையில் கம்பிக்கயிறு வாங்கி நீங்களே கண்ணி போடத்தான் வேண்டுமென்றால், யு வடிவக் கிளிப் குறைந்தது மூன்று போட வேண்டும். கிளிப்பின் வளைகம்பி கயிற்றின் வெட்டிய நுனிப் பக்கமும், அதன் அடிக்கட்டை பாரம் இழுக்கும் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வளைகம்பி பாரம் தாங்கும் கயிற்றையே நசுக்கிவிடும். கொக்கிக்குச் சாவிக்கொத்தில் தொங்கும் அலங்கார வளையம் உதவாது. திருகிப் பூட்டும் இரும்பு வளையமாக இருக்கட்டும். ஒரே ஒரு முறை விளக்கைப் பிடித்து நிறுத்திய கேபிளை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வெட்டிப் போட்டுவிடுங்கள். பெட்டியில் திரும்ப வைத்தால் அடுத்த ஊரில் யாராவது மாட்டிவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கிளாம்ப் எந்தக் குழாய்க்கு என்று பாருங்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ.; குழாய்களைச் சட்டமாக இணைத்துச் செய்யும் அலுமினிய ட்ரஸ்கள் பலவற்றின் குழாய் 50 மி.மீ. இவ்விரண்டுக்கும் பொருந்தும் கிளாம்ப், சவுக்குக் கம்பில் பொருந்தாது. மரம் காய்ந்து சுருங்கும், நசுங்கும். மாலையில் இறுக்கியது காலையில் இறுக்கமாக இராது. பந்தல் கம்பில் விளக்கு கட்டியே தீர வேண்டுமென்றால், ஓர் இரும்புக் குழாயைக் கம்புகளோடு உறுதியாகப் பிணைத்து, விளக்கை அந்தக் குழாயில் மாட்டுங்கள்.

கேள்வி: மேடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்துவிட்டால் போதுமா?
— கல்லூரி நாடகக் குழு மாணவர், திருச்சி

பதில்: ஐ.எஸ். 2925 முத்திரையுள்ள தொழிற்சாலைத் தலைக்கவசம் கொடுங்கள், தாடைப் பட்டையோடு. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மேலே பார்க்க விடாது. ஆனால் அது சிறு பொருள்களின் அடியைத்தான் குறைக்கும். 20 கிலோ விளக்கு விழுந்தால் கழுத்தையும் தோளையும் அது காக்காது. நாடகத்தில் நடிக்கும் நேரத்தில் யாரும் அதை அணியவும் போவதில்லை.

மேலே ஏறுபவருக்கு என் யோசனை வேறு. ஏறுவதற்கு முன் சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் முழுவதும் காலி செய்துவிட வேண்டும்: செல்பேசி, சில்லறை, பேனா, சாவி எல்லாம் கீழே. 300 கிராம் ஸ்பேனர் ஆறு மீட்டரிலிருந்து நழுவினால் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வரும். ஆகவே ஸ்பேனர் இடுப்புப் பட்டையோடு ஒரு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். போல்ட், நட்டு, வாஷர்களை வாய் சுருக்கும் துணிப்பையில் எடுத்துச் செல்லலாம். பற்களில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சபாவின் அரங்கம் மிகப் பழையது. மேடைக்கு மேலே இரும்புக் குழாய்களில் பல காலமாக விளக்குகள் தொங்குகின்றன, சில எரிவதேயில்லை. இதுவரை ஒன்றும் விழுந்ததில்லை. இருந்தாலும் ஆய்வு செய்வது நல்லது என்று ஒருசாரார் சொல்கிறார்கள், வீண் செலவு என்று மற்றொரு சாரார். தங்கள் கருத்து?
— சபா செயலாளர், தஞ்சாவூர்

பதில்: செலவு செய்யுங்கள். எரியாத விளக்குகளை முதலில் இறக்கிவிடச் சொல்வேன், ஏனென்றால் எரியாத விளக்கை எவரும் தொடுவதில்லை, தொடாததால் அதன் கிளாம்பை எவரும் சோதிப்பதுமில்லை. விளக்கு எடுத்தபின் குழாயிலேயே விட்டுவிட்ட வெற்றுக் கிளாம்புகள், துண்டித்த மின்கம்பிகள், எப்போதோ ஒரு நாடகத்துக்குக் கட்டிய மரச்சட்டத்தின் மிச்சம், இவற்றையும் இறக்குங்கள். மேலே நடைபாதை இருந்தால், அதன் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகையோ தகடோ அடித்து, கிடக்கும் பொருள் உருண்டு விழாமல் தடுக்க வேண்டும். நடைபாதையைப் பெருக்கினால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும்; தண்ணீர்ப் பாட்டிலும் பழைய பேட்டரியும் நிச்சயம் இருக்கும்.

அதன்பின் எஞ்சிய விளக்குகளில் கிளாம்பில் விரிசல், போல்ட்டில் மரை தேய்ந்திருப்பது, லென்ஸில் கீறல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூடான லென்ஸ் வெடித்தால் துண்டுகள் கீழே சிதறும் என்பதால், முன்னால் கம்பி வலை இருப்பது அவசியம். கடற்கரை ஊர்களில் துரு வேகமாகப் பிடிக்கும். உங்கள் ஊரில் அந்தத் தொல்லை குறைவு என்றாலும், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழுள்ள குழாயைத் தனியே பாருங்கள்.

குழாய்களைத் தாங்கும் கூரைக் கொக்கிகளையும் கம்பிக்கயிறுகளையும் விளக்குக்காரரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்குக் கட்டடப் பொறியாளர் வேண்டும். விளக்கு மட்டும் தொங்கிய காலத்தில் போட்ட கணக்கு, இன்று நீங்கள் எல்.இ.டி. திரையும் ஸ்பீக்கரும் சேர்த்து மாட்டும்போது செல்லாது. 2022 ஜூலை 28 அன்று ஹாங்காங் கொலிசியம் அரங்கில், நடந்துகொண்டிருந்த இசை நிகழ்ச்சியின் நடுவே, மேலே கம்பிக்கயிற்றில் தொங்கிய பெரிய திரை அறுந்து நடனக் கலைஞர்கள் மீது விழுந்தது. ஒருவருக்குக் கழுத்து முள்ளந்தண்டில் கடுமையான காயம். பேர்பெற்ற, நவீன வசதிகள் கொண்ட அரங்கம் அது. "இதுவரை விழுந்ததில்லை" என்பதை அங்கேயும் அதற்கு முந்தைய நாள் வரை சொல்லியிருக்க முடியும்.

கேள்வி: ஆடித் திருவிழாவில் திறந்தவெளி மேடை போடுகிறோம். நான்கு கால் ட்ரஸ், அதில் விளக்குகள், பின்னால் பெரிய பேனர். காற்றைப் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?
— விழாக்குழு உறுப்பினர், தென்காசி

பதில்: நிறையவே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று உங்கள் பகுதியில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குற்றாலச் சாரலோடு வரும் காற்றில் எனக்கு அம்மியைவிடப் பேனரைப் பற்றித்தான் கவலை. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆறு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஒரு பேனரில், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ 110 கிலோ அளவுக்குத் தள்ளும். 72 கிலோமீட்டர் ஆனால் 440 கிலோ. அந்தத் தள்ளல் முழுவதும் விளக்குகள் தொங்கும் அதே ட்ரஸ்ஸின் மேல்தான் விழுகிறது. பேனரைத் தனிச் சாரத்தில் கட்டுங்கள். அல்லது ஓட்டைத் துணியில் அச்சடியுங்கள். காற்று வலுத்தால் உடனே அறுத்து இறக்கும்படி முடிச்சு போடுங்கள்.

அமெரிக்கப் பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட், 1990 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் திறந்தவெளி மேடையில் ஏறியபோது, பலத்த காற்றில் விளக்குக் கட்டமைப்பு அவர்மேல் சரிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்து, 1999இல் இறக்கும் வரை அவர் அப்படியே இருந்தார். 2011 ஆகஸ்ட் 13 அன்று இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயலுக்கு முன்னால் வந்த காற்றில் மேடைக் கூரை முழுவதும் சரிந்து ஏழு பேர் இறந்தனர். அங்கே வானிலை எச்சரிக்கை இருந்தும், நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவு தாமதமானது. உங்கள் குழுவில் "காற்று இந்த அளவைத் தாண்டினால் மேடையைக் காலி செய்கிறோம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கொடியேற்றத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். தலைவரைத் தேடி ஆள் அனுப்பும் நிலை வரக் கூடாது. சிறிய காற்றளவி இப்போது எளிதில் கிடைக்கிறது. அதை ட்ரஸ்ஸின் உச்சி உயரத்தில் வைத்து அளக்க வேண்டும், தரையில் காற்று எப்போதும் குறைவாகவே காட்டும். அளவு என்ன என்பதை ட்ரஸ் கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கால்களின் அடியில் வைக்கும் பாரமும் இழுவைக் கம்பிகளும் அந்தக் கணக்கின்படியே அமைய வேண்டும்.

கேள்வி: மகளின் அரங்கேற்றத்துக்கு லண்டனில் ஒரு மண்டபம் எடுத்திருக்கிறோம். ஊரிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் விளக்குகளை மாட்ட மண்டபத்தார் மறுக்கிறார்கள். சான்றும் சேஃப்டி கேபிளும் கேட்கிறார்கள். இது தேவையற்ற கெடுபிடியா?
— தந்தை, ஹாரோ

பதில்: கெடுபிடி அல்ல, அவர்கள் கடமை. பிரிட்டனில் தூக்கும் கருவிகள் பற்றி 1998இல் வந்த விதிகளும், உயரத்தில் வேலை செய்வது பற்றி 2005இல் வந்த விதிகளும் இருக்கின்றன. பின்னது பொருள்கள் விழுந்து காயப்படுத்துவதைத் தடுப்பதையும் தனியே சொல்கிறது. மண்டபத்தின் சொந்த விளக்குகளையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பரதத்துக்கு வேண்டியது முகபாவம் தெரியும் தெளிவான வெளிச்சம். அதை அவர்களிடமுள்ள விளக்குகளே தரும். உறவினர் விளக்குகளைத் தரையில், தாங்கியில் நிறுத்தலாமா என்று கேட்டுப் பாருங்கள். மின் சோதனை முடித்துத் தந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கேள்வி: மணமக்கள் மேடையேறும்போது பூமழை பொழிய, ட்ரஸ்ஸில் விளக்குகளுக்கு நடுவே பூக்கூடைகளையும், தெர்மாகோலில் செய்த பெயர் எழுத்துகளையும் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— அலங்காரப் பணியாளர், ஈரோடு

பதில்: கட்டலாம், விளக்கின் உடலிலோ மின்கம்பியிலோ மட்டும் கட்டக் கூடாது. கூடை கவிழும்போது கூடையே விழாமல் இருக்க அதற்கும் தனிக்கயிறு வேண்டும். ஈரப் பூ காய்ந்த பூவைவிடப் பலமடங்கு கனக்கும். தெர்மாகோல் இலேசானது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். எழுத்துக்குப் பின்னால் நீங்கள் வைத்திருக்கும் பிளைவுட் சட்டம் இலேசானதல்ல. சூடேறும் ஹாலஜன் விளக்குக்கு அருகில் தெர்மாகோல் உருகித் தீப்பிடிக்கும் என்பது வேறு ஆபத்து.

கேள்வி: நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது, மேலே ஒரு விளக்கு கிளாம்பிலிருந்து கழன்று கேபிளில் மட்டும் தொங்குவதைப் பார்த்தால் என்ன செய்வது? நடனத்தை இடையில் நிறுத்தினால் குழந்தைகள் பயந்துவிடமாட்டார்களா?
— நடன ஆசிரியை, புதுச்சேரி

பதில்: பாட்டு முடியும் வரை காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள். "விளக்கு சரிசெய்ய வேண்டியிருக்கிறது, சில நிமிடம் பொறுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அவையினர் பொறுத்துக்கொள்வார்கள். குழந்தைகளைத் தொங்கும் விளக்குக்கு நேர் கீழே போகவிடாமல், அருகிலுள்ள பக்கவாட்டு வழியாக வெளியேற்றுங்கள். ஓடச் சொல்லாதீர்கள், தடுக்கி விழுவார்கள். திரையை இழுத்து மூடுவது பலருக்குத் தோன்றும் முதல் யோசனை. மேலே குழாயில் மோதும் வாய்ப்பு இருந்தால் திரையைத் தொடவே வேண்டாம்.

அந்த விளக்குக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் துண்டியுங்கள். மேடை முழுவதும் இருட்டாகக் கூடாது. அரங்கத்தின் பொதுவிளக்குகளைப் போடச் சொல்லுங்கள். ஏணியை விளக்குக்கு நேர் கீழே நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஏறுபவர் முதலில் இரண்டாவது கேபிள் ஒன்றை விளக்கின் உடலில் மாட்டிக் குழாயில் பூட்ட வேண்டும். ஹாலஜன் விளக்கென்றால் ஆறுவதற்குப் பத்து பதினைந்து நிமிடமாவது கொடுங்கள். சூடான தகரத்தைத் தொட்ட கை தன்னையறியாமல் விட்டுவிடும். அதன் பிறகு விளக்கைக் கயிறு கட்டி இறக்கிவிடுவதே மேல். அதே இடத்தில் அதே கிளாம்பில் திரும்ப மாட்ட வேண்டாம். மற்ற விளக்குகளையும் அதே ஆள்தான் கட்டினார் என்றால், அவை ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்த பிறகு குழந்தைகளைத் திரும்ப அழையுங்கள்.